காளைத்தோல் மேல் நின்ற ஆலயம்

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து மரியன்னை ஆலயத்தின் அஸ்திவாரத்தில் காளைத்தோல் கிடக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் பல நூறு வருஷங்கள் நம்பியிருக்கிறார்கள். ஆலயம் எழும்பிக்கொண்டிருந்தபோது ஒரு தூணுக்காக வெட்டிய குழியில் ஊற்றுக் கண் திறந்துகொண்டதாம். கல்லைக் கொட்டினார்கள், மண்ணைக் கொட்டினார்கள், எல்லாவற்றையும் அது விழுங்கியது. ஃப்ரீஸ்லாந்திலிருந்து வந்த ஒரு கொத்தனார், தனக்கு வழி தெரியும் என்றார். ஆனால் அவர் கேட்ட கூலி மிக அதிகம். ஆலயத்தைக் கட்டிய ஆயர் கோன்ராட், கொத்தனாரின் மகனை நயமாகப் பேசி மசியவைத்து ரகசியத்தை வாங்கிவிட்டார். காளைத்தோலை அடுக்கடுக்காக விரித்து அதன்மேல் கல் வைக்க வேண்டும், அவ்வளவுதான். தூண் நின்றது. ஏமாந்த கொத்தனார் ஆத்திரம் தாங்காமல் ஆயரைக் குத்திக் கொன்றுவிட்டார்.

கதைதான். ஆனால் ஆயர் கோன்ராட் 1099 ஏப்ரல் 14ஆம் தேதி கொலையுண்டது நடந்த நிகழ்ச்சி. தாம் கட்டிய ஆலயத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அந்தக் கதையின் நினைவாக ஆலயத்தின் தூண் ஒன்றில் காளையின் உருவமும், அதன் கீழே வருங்காலத் தலைமுறையை விளித்துச் சொல்லும் லத்தீன் வரிகளும் இருந்தன. காளைத்தோல் தாங்கிய தூண் என்று ஊரார் அதைக் காட்டியிருக்கிறார்கள். எழுநூறு வருஷத்துக்கு மேல் நின்ற அந்த ஆலயம் இன்று இல்லை. நிலமும் ஊற்றும் அதை விழுங்கவில்லை. மனிதர்கள் இடித்து இறக்கினார்கள்.

இல்லாத ஒரு கட்டடத்தைத் தேடிப் போக எனக்கு இருந்த காரணம் ஓர் ஓவியம். ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ்மியூசியத்தின் நீளமான நடுக்கூடத்தில் கூட்டம் முழுக்க ரெம்பிராண்ட் இருக்கும் பக்கமே நகர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தோடு போகாமல் நான் நின்றுவிட்ட இடம், பீட்டர் சான்ரெடாம் 1641இல் தீட்டிய ஒரு மரப்பலகையின் முன்னால். ஏறக்குறைய 4 அடி உயரம். ஓர் ஆலயத்தின் உட்புறம். சுண்ணாம்பு பூசிய சுவர்கள், அரைவட்ட வளைவுகள், கிழக்கே போகப் போக இளகிச் செல்லும் வெளிச்சம். மனிதர்கள் விரல் நுனி அளவில் தரையில் நிற்கிறார்கள். அங்கே பூசையும் கூட்டமும் நடக்கவில்லை. ஆனாலும் அந்த வெற்றிடத்தில் ஒரு மரியாதை இருந்தது. ஒவ்வொரு கல்லையும் அளந்து பார்த்த ஒருவரால்தான் வெற்றிடத்தை இவ்வளவு நிறைவாக எழுத முடியும் என்று எனக்குப் பட்டது. பக்கத்தில் இருந்த சீட்டில் ‘மரியன்னை ஆலயம், உட்ரெக்ட்’ என்று எழுதியிருந்தது. உட்ரெக்ட் ரயிலில் அரை மணி நேரத் தூரம்தான்.

உட்ரெக்ட் நிலையம் நாட்டின் மிகப் பெரிய ரயில் சந்திப்பு. அதை விட்டு வெளியே வருகிறவர்களை ஒரு பெரிய வணிக வளாகம் வாங்கிக்கொள்கிறது. கடைகளின் வெளிச்சத்தில் கொஞ்ச தூரம் நடந்து வெளியே இறங்கினால் மாரியாப்ளாட்ஸ். மரியாளின் சதுக்கம் என்று அர்த்தம். உணவகங்களின் நாற்காலிகள், மரங்கள், மூச்சு விடாமல் ஓடும் சைக்கிள்கள். சதுக்கத்தின் பெயரைத் தவிர ஆலயத்தின் சுவடாக எதுவும் கண்ணில் படவில்லை. ஆலயம் நின்ற இடத்தை ஒட்டி இப்போது இசைக் கல்லூரி இருக்கிறது.

அந்தக் கல்லூரிக்குப் பக்கத்தில் உள்ள சின்ன வழியில் நுழைந்தேன். அங்கேதான் எஞ்சியது இருக்கிறது: குருக்கள் நடந்த சுற்றுத் தாழ்வாரமும் அதன் நடுவே ஒரு தோட்டமும். தாழ்வாரம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நெதர்லாந்தில் கோதிக் பாணிக்கு முந்திய ரோமனெஸ்க் தாழ்வாரங்கள் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. தோட்டத்தைப் பார்த்து வரிசையாக அரைவட்ட வளைவுகள். அவற்றைத் தாங்கும் குட்டித் தூண்கள் என் இடுப்புயரம் கூட இல்லை. சுவர்களில் சிவந்த செங்கல்லும் சாம்பல் நிறக் கல்லும் கலந்திருக்கின்றன. ஒரு தூணின் மேல் கையை வைத்தேன். கல் சொரசொரவென்றிருந்தது, துளைத் துளையாக. விரலை அழுத்தினால் மாவாக உதிருமோ என்ற பயத்தில் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சாம்பல் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். டஃப் என்பார்கள். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான கல். நெதர்லாந்தில் மலையே கிடையாது, எரிமலைக்கு எங்கே போவது? ஜெர்மனியில் ஐஃபல் மலைப்பகுதியில் வெட்டி ரைன் நதியில் படகேற்றிக் கீழே அனுப்பினார்கள். ரைனின் ஒரு கிளை அப்போது உட்ரெக்ட் வழியாக ஓடியது. ஆக, 11ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் கல்லால் எழும்பிய எல்லா ஆலயங்களும் படகில் வந்தவை. பின்னால் 1122ஆம் ஆண்டை ஒட்டி மேலே வைக் பை டூர்ஸ்டேட என்ற ஊரில் ஆற்றுக்கு அணை போட்டுவிட்டார்கள். அதே ஆண்டில்தான் பேரரசர் ஐந்தாம் ஹென்றி உட்ரெக்ட்டுக்கு நகர உரிமை தந்தார். ஆறு நகர்ந்துபோன பிறகு நகரத்தார் தாங்களே கால்வாய் வெட்டிக்கொண்டார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் அந்தக் கால்வாய்களின் பின்கதை அது.

சான்ரெடாமின் படத்தில் நான் பார்த்த ஆலயம் தனியாக நின்றதல்ல. ஒரு பெரிய திட்டத்தின் மேற்குக் கை அது. நகரின் நடுவில் புனித மார்ட்டின் பேராலயம். அதன் கிழக்கே புனித பேதுரு ஆலயம், வடக்கே புனித யோவான் ஆலயம், தெற்கே புனித பவுல் மடம், மேற்கே மரியன்னை ஆலயம். மேலேயிருந்து பார்த்தால் நகரத்தின் மேல் ஒரு சிலுவை. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் இருந்த ஆயர் பெர்னோல்டின் எண்ணம் இது என்று சொல்வார்கள். பேதுரு ஆலயமும் யோவான் ஆலயமும் பவுல் மடமும் அவர் காலத்தவை. மேற்குக் கையை அவருக்குப் பின் வந்த கோன்ராட் 1080களில் தொடங்கிச் சிலுவையை நிறைவு செய்தார். நகரத்தையே ஒரு வழிபாட்டுப் பொருளாகக் கருதியவர்கள் அவர்கள். தெருவில் நடந்துபோகிறவனுக்குக் கண்ணில் படாத ஒரு வடிவத்துக்காக இத்தனை கல்லைப் படகேற்றியிருக்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் குறையவில்லை.

கோன்ராட், பேரரசர் நான்காம் ஹென்றியின் ஆள். சிறுவனாக இருந்த ஹென்றிக்கு ஆசானாக இருந்தவர் என்பார்கள். ஆயர்களை நியமிப்பது போப்பா பேரரசரா என்று ஐரோப்பாவே இரண்டுபட்டுக் கிடந்தபோது கோன்ராட் பேரரசர் பக்கமே நின்றார். அதனால் ஆலயத்துக்குப் பேரரசரின் கை தாராளமாக உதவியது. இதற்கும் ஒரு கதை உண்டு: இத்தாலியில் மிலான் நகரத்தை முற்றுகையிட்டபோது அங்கிருந்த மரியன்னை ஆலயம் அழிந்துவிட்டதாம், அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக உட்ரெக்ட்டில் இன்னொன்றுக்குப் பணம் கொடுத்தாராம். கதை எப்படியோ, கட்டடத்தில் வட இத்தாலியின் சாயல் தெளிவாகவே இருந்தது. பருத்ததும் மெலிந்ததுமாக மாறி மாறி வரும் தூண்கள், பக்கக் கூடங்களுக்கு மேலே மாடங்கள், மேற்கு முகப்பில் இரட்டைக் கோபுரங்கள். ஈரம் கசியும் ரைன் சமவெளியில், லொம்பார்டி நாட்டு வெயிலுக்குப் பழகிய ஒரு கட்டடம். 15ஆம் நூற்றாண்டில் கிழக்கே பலிபீடத்தைச் சூழ்ந்த பகுதியை மட்டும் கோதிக் பாணியில் உயர்த்திக் கட்டினார்கள். பழைய உடம்பு அப்படியே இருந்தது.

ஆலயத்தைச் சுற்றியிருந்த இடம் ஊருக்குள் இன்னொரு ஊர். கானன் என்று சொல்லப்பட்ட குருக்களின் குழுவுக்குச் சொந்தமான நிலம் அது. நகரத்தின் சட்டம் அதன் எல்லையோடு நின்றுவிடும். குருக்களுக்குத் தனித்தனி வீடு, தனி வருமானம், தனி நீதி. இப்படிப்பட்ட ஐந்து குழுக்கள் உட்ரெக்ட்டில் இருந்தன. பேரரசரின் நிழலிலும் நிலங்களின் வருமானத்திலும் மரியன்னை ஆலயம் வளமாகவே வாழ்ந்தது. அதன் பொருள் அறையில் ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்புகள் என்று நம்பிப் போற்றிய நீண்ட முறுக்குக் கொம்புகள் இருந்தன. உண்மையில் அவை ஆர்க்டிக் கடலில் வாழும் நார்வால் திமிங்கிலத்தின் தந்தங்கள்.

அந்தக் குழுவில் ஓவியர் ஒருவரும் இருந்தார். யான் வான் ஸ்கோரல். ரோமாபுரியையும் ஜெருசலேமையும் பார்த்துவிட்டு வந்தவர். உட்ரெக்ட்டில் பிறந்து போப் ஆன ஆறாம் ஏட்ரியன், வத்திக்கானின் கலைச் சேகரிப்பைக் கவனிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார். போப் 1523இல் இறந்ததும் ஸ்கோரல் ஊர் திரும்பி மரியன்னை ஆலயத்துக் கானன் ஆனார். மாணவர்களுக்குச் சித்திரம் கற்றுக்கொடுத்தார். வடக்கே கடலிலிருந்து நிலம் மீட்கும் வேலையிலும் இறங்கினார். 1562இல் இறந்தபோது இதே ஆலயத்தில் அவரைப் புதைத்தார்கள். அவருடைய மாணவர் அந்தோனிஸ் மோர் எழுதிய அவருடைய வட்ட உருவப்படம் கல்லறையின் மேல் தொங்கியது. அந்தப் படம் இப்போது லண்டனில் இருக்கிறது. கல்லறைக்கு மேலிருந்த கூரை போய்விட்டது.

முதல் அடி பீரங்கியால் விழுந்தது. ஆலயத்துக்குப் பக்கத்திலேயே பேரரசர் ஐந்தாம் சார்லஸ், உட்ரெக்ட்காரர்களை அடக்கி வைப்பதற்காக ஃப்ரேடன்பர்க் என்ற கோட்டையைக் கட்டியிருந்தார். 1576 கடைசியில் நகரத்தார் அதிலிருந்த ஸ்பானியப் படையை முற்றுகையிட்டார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் படை வெளியேறியது. நகரத்தார் கோட்டையை இடித்தார்கள். அந்தச் சண்டையில் ஆலயமும் அடிபட்டது. கோட்டையிருந்த இடத்தில் இன்று இருப்பது ஒரு பெரிய இசையரங்கம்.

இரண்டாவது அடி சத்தமில்லாதது. 1580இல் உட்ரெக்ட்டில் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை வந்தது. சீர்திருத்தச் சபையின் ஆட்சி. ஆனால் விசித்திரம் என்னவென்றால், ஆலயத்தின் குருக்கள் குழுவை யாரும் கலைக்கவில்லை. பதவிகள் இருந்தன, நிலங்கள் இருந்தன, வருமானம் இருந்தது. பூசை மட்டும் இல்லை. கானன் பதவி செல்வக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வருமானம் தரும் சொத்தாக மாறியது, அதை விற்கவும் வாங்கவும் செய்தார்கள். சுற்றிலும் இருந்த வீடுகளில் கத்தோலிக்கர்கள் தொடர்ந்து வசித்தார்கள். ஆலயத்துக்கு அருகே மாரியாஹூக் என்ற மூலையில், வெளியே வீடு மாதிரி தெரியும் ஒரு மறைவுக் கோவிலில் கும்பிட்டார்கள். அந்தச் சிறு கோவில் இன்றும் இருக்கிறது. 1723இல் ரோமிலிருந்து பிரிந்த பழைய கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமைக் கோவிலும் அதை ஒட்டித்தான்.

பெரிய ஆலயம் இப்படிப் பாதி உயிரோடு நின்றுகொண்டிருந்தபோதுதான் 1636 கோடையில் சான்ரெடாம் வந்து சேர்ந்தார்.

அவருக்கு அப்போது வயது 39. ஹார்லெம் நகரத்துக்காரர். முதுகு கூனியவர். நண்பரும் கட்டடக் கலைஞருமான யாகோப் வான் காம்பென் வரைந்த அவருடைய உருவப்படத்தில் அந்தக் கூன் தெரிகிறது. அந்த ஆண்டு உட்ரெக்ட்டில் கொள்ளைநோய். வசதியுள்ளவர்கள் ஊரை விட்டு விலகும் நேரத்தில் இவர் ஊருக்குள் வந்து, ஜூன் முதல் அக்டோபர் வரை தங்கி, ஆலயம் ஆலயமாகப் போய் வரைந்தார். மற்ற எல்லா ஆலயங்களையும்விட மரியன்னை ஆலயத்துக்குத்தான் அதிக நாள் கொடுத்தார். ஏன் என்று அவர் எங்கும் எழுதவில்லை. கூர்வளைவுகளுக்குப் பழகிய கண்ணுக்கு, அரைவட்ட வளைவும் பருத்த தூணும் கொண்ட கட்டடம் பழைய ரோமாபுரியை நினைவூட்டியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். வான் காம்பென் போன்ற நண்பர்கள் அந்தப் பழமையைத்தான் கொண்டாடினார்கள்.

அவர் வேலை செய்த முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் நமக்கு இந்த ஆலயம் கிடைத்திருப்பதே அந்த முறையால்தான். முதலில் ஆலயத்துக்குள் ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்வார். பேனாவாலும் கரிக்கோலாலும் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே கையால் வரைவார். கண் நிலைத்த புள்ளியை ஒரு குறியால் காட்டுவார். தாளின் ஓரத்தில் எந்த நாள், எந்த ஊர், எந்த ஆலயம், எந்தப் பக்கத்திலிருந்து என்று எழுதிவைப்பார். தூணின் பருமன், வளைவின் உயரம், கல் பாவிய தரையின் அளவு ஆகியவற்றையும் எடுத்துக்கொள்வார். நில அளவையாளர் நண்பர் ஒருவரிடம் கணக்கு கற்றவர் அவர். வீட்டுக்குப் போன பிறகு, அந்தக் குறிப்புகளை வைத்து அளவுகோலும் கவராயமுமாக இரண்டாவது வரைபடம் ஒன்றைத் தயாரிப்பார். அதன் பின்புறத்தில் கரி பூசி, பலகையின் மேல் வைத்துக் கோடுகளை அழுத்தி மாற்றிக்கொள்வார். அப்புறம்தான் வண்ணம். சில சமயம் மாதங்கள் கழித்து, சில சமயம் பல ஆண்டுகள் கழித்து. மரியன்னை ஆலயத்தின் மேற்கு முகப்பையும் சதுக்கத்தையும் காட்டும் அவருடைய ஓவியம் 1662ஆம் ஆண்டு தேதியிட்டது. அந்த இடத்தை அவர் வரைந்துகொண்டது 1636இல். 26 வருஷம் அந்தத் தாள் அவரிடம் காத்திருந்திருக்கிறது. 1665இல் அவர் இறந்துவிட்டார்.

ஓவியத்தில் அவர் கொஞ்சம் நகாசு செய்வார். உயரத்தைக் கூட்டுவார், தூணை மெலிய வைப்பார், கண்ணுக்கு இடைஞ்சலாக இருப்பதை எடுத்துவிடுவார். நேரில் வரைந்த தாள்கள் அப்படியல்ல. காரை பெயர்ந்த இடம், அடைத்துவிட்ட சாளரம், தூணின் மேல் பழைய கத்தோலிக்கக் காலத்தில் பட்டுத்துணி மாதிரி தீட்டிய பூவேலை, காளைத் தூண் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. அவற்றில் பல இன்று உட்ரெக்ட் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இடிந்துபோன கட்டடத்தின் நீள அகலத்தை இன்றைய ஆய்வாளர்கள் கணக்கிடுவதற்கு அந்தத் தாள்கள்தான் ஆதாரம். மரியன்னை ஆலயம் இடிபடும் என்று சான்ரெடாமுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும், நாளைக்கு இது இருக்காது என்று யாரோ காதில் சொன்னதுபோல் அளந்து வைத்திருக்கிறார். அவரை வெறும் வெளிச்சத்தின் ஓவியர் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது எனக்குப் போதாது. அவர் ஒரு சாட்சி.

அதே 1636இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகமும் தொடங்கியது. மரியன்னை ஆலயத்தில் பாடப்பட்ட பாடல்களைத் தொகுத்த 12ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்று அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஆண்டின் ஒவ்வொரு திருநாளுக்கும் குருக்கள் எதைப் பாட வேண்டும் என்பதை இசைக்குறியோடு எழுதிய தோல் ஏடுகள். பின்னால் வந்த கைகள் புதிய திருநாள்களுக்கான பாடல்களை அதில் சேர்த்துக்கொண்டே போயிருக்கின்றன. இடைக்கால ஐரோப்பிய வழிபாட்டு இசையைப் படிக்கிறவர்களுக்கு அது முக்கியமான நூல். ஆக, சான்ரெடாமின் தாள்களில் இந்த ஆலயத்தின் உருவம் இருக்கிறது, இந்தப் பிரதியில் அதன் குரல் இருக்கிறது. கல் மட்டும்தான் காணாமல் போனது.

கல் காணாமல் போன விதத்தைப் படித்தபோதுதான் எனக்கு மனசு கனத்தது. கோபம் கொண்ட கூட்டமொன்று வந்து உடைத்திருந்தால் அதற்கு ஒரு காரணமாவது சொல்லலாம். இங்கே அப்படி யாரும் வரவில்லை. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயரின் சின்னச் சபை ஒன்று ஆலயத்தில் வழிபாடு நடத்தியது. 18ஆம் நூற்றாண்டில் கிழக்குப் பகுதி கச்சேரி மண்டபமாயிற்று. நீண்ட நடுக்கூடத்துக்கு அந்த அளவு வேலையும் இல்லை. அதன்பின் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். நெதர்லாந்து நெப்போலியனின் பேரரசோடு இணைந்தது. 1811இல் எஞ்சியிருந்த குருக்கள் குழுக்களைக் கலைத்து, அவற்றின் சொத்தை அரசு எடுத்துக்கொண்டது. பூசை நின்று 230 வருஷம் ஆன பிறகு, பெயருக்கு இருந்த உரிமையாளரும் போனார். கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

1813இல் இடிக்கத் தொடங்கினார்கள். 1816க்குள் நடுக்கூடமும் குறுக்குக் கூடமும் தரைமட்டம். அந்தக் காலத்தில் டஃப் கல்லுக்கு இன்னொரு விலை இருந்தது. அதைப் பொடியாக அரைத்துச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கடியிலும் இறுகும் காரை கிடைக்கும். மதகும் கால்வாயும் கட்டும் நாட்டுக்கு அது அவசியமான சரக்கு. இடிந்த இடைக்காலக் கட்டடங்களின் கல் நாடெங்கும் அப்படி அரைவை ஆலைகளுக்குப் போயிருக்கிறது. கச்சேரி நடந்த கிழக்குப் பகுதிக்கு மட்டும் கொஞ்ச காலம் தப்பிக்கக் கிடைத்தது. அதுவும் 1844இல் போயிற்று. அந்த இடத்தில் கலைக்கும் அறிவியலுக்கும் என்று புதிய மண்டபம் ஒன்றை எழுப்பினார்கள். இசைக் கல்லூரி அதில்தான் நடக்கிறது.

இசைக்காக இசையரங்கத்தை இடித்து இசையரங்கம் கட்டியிருக்கிறார்கள். புதியது வசதியாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 1421ஐ ஒட்டி எழுப்பிய கோதிக் கூடத்தில் உட்கார்ந்து இசை கேட்ட ஒரு தலைமுறை, அதை விட்டுக்கொடுக்க எப்படிச் சம்மதித்தது என்பது எனக்குப் புரியவே இல்லை. 1844இல் சான்ரெடாமின் ஓவியங்கள் இருந்தன, ஆனால் அவரை மதிக்கும் கண்கள் குறைவு. பழைய கட்டடத்தைக் காப்பது அரசின் வேலை என்ற எண்ணமே அங்கே அப்போது வேரூன்றவில்லை. டென் பாஸ் நகரத்துப் பேராலயத்தில் கல்லால் ஆன அற்புதமான ஒரு தடுப்பு மண்டபத்தைக் கழற்றி விற்று, அது 1871இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நாடு திடுக்கிட்டது. விக்டர் த ஸ்டூர்ஸ் என்பவர் 1873இல் ஒரு கட்டுரை எழுதினார். சொந்த நாட்டின் சின்னப் புத்தியைப் பெயர் சொல்லிக் கண்டித்த கட்டுரை. அதற்குப் பிறகு அரசு பழஞ்சின்னங்களுக்கென்று ஒரு துறை அமைத்தது. மரியன்னை ஆலயத்துக்கு அது 30 வருஷம் தாமதம்.

சுற்றுத் தாழ்வாரத்தில் நான் நின்றிருந்தபோது கல்லூரியின் திறந்த சாளரத்திலிருந்து ஒரு மாணவர் செல்லோவில் ஒரே நான்கு சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது சுரத்தில் தடுக்கும், மறுபடி ஆரம்பிக்கும். தோட்டத்தில் மூலிகைப் பாத்திகளுக்கிடையே ஒரு பெண்மணி பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இங்கே அடிக்கடி வருவீர்களா என்று கேட்டேன். அலுவலகம் பக்கத்தில்தான், மதியத்துக்கு இங்கே வந்துவிடுவேன் என்றார். ஆலயம் எங்கே இருந்தது தெரியுமா என்றதற்கு, ரொட்டியைக் கையில் வைத்தபடியே எழுந்து, என்னைத் தாழ்வாரத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போய், ‘இந்தப் பக்கச் சுவரை ஒட்டித்தான்’ என்று காட்டினார். அவருக்கு அந்தக் காளைக் கதையும் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம்.

அங்கிருந்து கிழக்கே நடந்தேன், சிலுவையின் ஒரு கையிலிருந்து மறு கைக்கு. நடுவில் பேராலயச் சதுக்கம். 112 மீட்டர் உயரக் கோபுரம் ஒரு பக்கம், பேராலயம் மறுபக்கம், நடுவில் வெறும் வெளி. 1674 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாலை அடித்த பெருங்காற்றில் நடுக்கூடம் சரிந்துவிட்டது. இடிபாட்டை 1826 வரைக்கும் அள்ளவே இல்லை. சதுக்கத்தின் கல் தளத்தில் வேறொரு ஆலயத்தின் சுவர்க்கோடும் பதித்திருக்கிறார்கள். புனித சால்வேட்டர் ஆலயம், 1587இல் இடிக்கத் தொடங்கியது. தெற்குக் கையான பவுல் மடமும் இல்லை. பெர்னோல்டும் கோன்ராடும் நினைத்த சிலுவையின் கைகளில் இன்றும் ஆலயமாக நிற்பவை வடக்குக் கையும் கிழக்குக் கையும்தான்.

கிழக்குக் கையான பேதுரு ஆலயத்துக்குள் போனபோது, மரியன்னை ஆலயத்தின் உள்ளே நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை ஓரளவுக்கு உணர முடிந்தது. பெர்னோல்ட் 1048இல் அர்ச்சித்த கட்டடம். சிவப்பு மணற்கல்லில் ஒற்றைக் கல்லாகச் செதுக்கிய தூண்கள், அரைவட்ட வளைவுகள், படியிறங்கிப் போனால் நிலவறை. 1674 காற்றில் அதன் இரண்டு மேற்குக் கோபுரங்களும் விழுந்துவிட்டன. அந்த இடத்தை அடைத்து ஒரு முகப்பு வைத்தார்கள், ஆலயம் தொடர்ந்து நடந்தது. காரணம், அப்போது அதற்கு ஆள் இருந்தது. 1656இல் பிரெஞ்சு மொழி பேசும் வாலூன் சபையார் இந்த ஆலயத்தைப் பெற்றுக்கொண்டார்கள். தெற்கு நெதர்லாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் மதத்துக்காக ஓடிவந்தவர்களின் சபை அது. கோபுரம் விழுந்தால் அடைக்கவும், கூரை ஒழுகினால் பணம் திரட்டவும் அவர்களுக்குக் காரணம் இருந்தது. வேறு போக்கிடம் அவர்களுக்கு இல்லை. அதே சபை இன்றும் அங்கே இருக்கிறது. கதவருகே ஒட்டியிருந்த அறிவிப்பில் ஞாயிறு வழிபாட்டு நேரம் பிரெஞ்சில் எழுதியிருந்தது.